அம்மாவின் சொந்தக் கிருமி

அம்மாவுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்ததைவிட, கல்ச்சர் ரிப்போர்ட்டில் இருந்த பெயர்தான் என்னைக் கூசவைத்தது. ஈ.கோலை. மலத்தில் இருக்கும் கிருமி என்று பள்ளிக்கூடத்தில் படித்தது. அது அம்மாவின் சிறுநீரில் வளர்ந்திருக்கிறதென்றால், பார்த்துக்கொண்ட லட்சணம் எப்படியிருக்கும் என்று சொந்தபந்தம் பேசாதா? பார்க்க வந்த சித்தியிடம் "யூரின்ல இன்ஃபெக்ஷன்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

சித்தி போர்த் தண்ணீர்தான் காரணம் என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். நெம்மேலியில் எந்த வியாதியைப் பற்றிப் பேசினாலும் பேச்சு தண்ணீரில் வந்து நிற்கும். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013 முதல் இங்கே ஓடுகிறது. அந்தத் தண்ணீர் குழாயேறிச் சென்னைக்குப் போகிறது. எங்கள் வீட்டில் உப்புக் கரிக்கும் போர்தான். எனக்கும் அந்தக் காரணம் வசதியாக இருந்தது. பழி வீட்டைவிட்டு வெளியே போய்விடுகிறதே!

டாக்டர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "தண்ணியில இருந்து வரலைங்க. அவங்க குடல்லயே இத்தனை வருஷமா இருந்ததுதான்."

1885-இல் எஷெரிக் என்ற ஜெர்மானியக் குழந்தை மருத்துவர் இந்தக் கிருமியைக் கண்டெடுத்ததே பச்சைக் குழந்தைகளின் மலத்தில்தான். பிறந்த கொஞ்ச நாளிலேயே குடலில் குடியேறிவிடுகிறது. இதில் பெரும்பாலான வகைகள் அங்கே இருக்கும்வரை தொல்லை தருவதில்லை. வைட்டமின் கே-கூடத் தயாரித்துத் தருகின்றன. கிளெப்சியெல்லா, என்டெரோகாக்கஸ் போன்றவையும் இப்படிக் கூடவே வாழ்பவைதான். உடம்பு தளர்ந்து, வழியும் திறந்துகிடந்தால் இடம் மாறிவிடும்.

அம்மாவுக்கு இரண்டுமே நடந்திருந்தன. பல வருஷச் சுகர். இடுப்பு எலும்பு ஆபரேஷன். அதற்காகப் போட்ட யூரின் டியூப். சாதாரணமாகச் சிறுநீரே பாதையைக் கழுவிவிடும். டியூப் இருந்தால் கிருமிகள் அதன்மேல் பாசிபோலப் படிந்து மேலேறுகின்றன. டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் என்கிறது மருத்துவக் கணக்கு. எவ்வளவு சுத்தமாகப் பார்த்துக்கொண்டாலும் நாள் கூடக் கூட ஆபத்தும் கூடும். இதைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அம்மாவோ, "என் வயித்துல இருந்ததா? அப்ப நான் சோறு போட்டு வளத்ததுதான்" என்றாள்.

ரிப்போர்ட்டின் இரண்டாம் பாதி அப்படிச் சிரிக்கிற விஷயமில்லை. மருந்துகளின் பெயருக்கு எதிரே வரிசையாக 'ஆர்'. அதாவது கேட்காது. ஊசி மருந்து சிலவற்றுக்கு மட்டும் 'எஸ்'. ஆன்டிபயாடிக் சாப்பிடும்போதெல்லாம் குடலில் சாதுக்கள் சாக, தாக்குப்பிடிப்பவை பெருகுகின்றன. அந்தத் திறனுக்கான மரபணுவை வேறு இனக் கிருமிக்கும் கொடுத்துவிடுகின்றன. 2010-இல் என்டிஎம்-1 என்ற அப்படியொரு மரபணுவைப் பற்றி லான்செட் இதழொன்றில் வந்த ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் எடுத்த கிருமிகளும் அதில் உண்டு, பெரும்பாலும் ஈ.கோலையும் கிளெப்சியெல்லாவும். அந்தப் பெயரின் 'என்டி' நியூ டெல்லியாமே என்று நாடே கொதித்தது. அதில் பாதிக் கொதிப்பு மருந்துக் கடைப் பக்கம் திரும்பியிருக்கலாம். ஆன்டிபயாடிக் கேட்காத கிருமிகளைச் சமாளிக்க 2012-இல் மருத்துவர்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' தயாரித்தார்கள். 2014-இல் ஹெச்1 என்ற மருந்துப் பட்டியல் அமலுக்கு வந்தது. அதிலுள்ள ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுதவேண்டும். சட்டம் அப்படி. சளிக்கு "ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்க" என்று கேட்கும் ஆட்களை இன்றைக்கும் எந்தக் கடை வாசலிலும் பார்க்கலாம்.

டியூபை எடுத்து, ஊசி போட்டுக் காய்ச்சல் அடங்கியது. கிருமி முழுக்கப் போய்விட்டதா என்று மறுபடி கல்ச்சர் பார்க்கலாமே என்றேன். டாக்டர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். காய்ச்சலோ எரிச்சலோ இல்லாத வயதானவர்களின் சிறுநீரில் கிருமி இருப்பது சகஜம்; அதற்கு மருந்து கொடுத்தால் நன்மை இல்லை, இன்னும் சில 'ஆர்'தான் சேரும் என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. லேப்காரரே வீட்டுக்கு வந்து சாம்பிள் எடுத்துக்கொண்டு போவார், ஒரு போன் போதும். செய்யவில்லை. அம்மா தினமும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானே பாத்ரூம் போய்வருகிறாள்.