கண்மாயில் தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும்?
ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தின் மீன் கணக்கு

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் அரை மணி நேரப் பயணம். திருமங்கலம் - கொல்லம் நெடுஞ்சாலையில் வழி நெடுகிலும் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வருகிறது. மலையடியில் மாவும் தென்னையும், சற்றுக் கிழக்கே இறங்கினால் நெல், அதற்கும் கிழக்கே கரிசலும் பருத்தியும். நடுவில் உள்ள நெல் வயல்களுக்கு உயிர் கொடுப்பவை கண்மாய்கள். அய்யனார் கோயில் ஆறு, தேவதானம் பக்கம் சாஸ்தா கோயில் ஆறு, வத்திராயிருப்பு பக்கம் பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு என மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் ஒரு கண்மாயை நிறைத்து, மறுகால் பாய்ந்து, அடுத்த கண்மாய்க்குப் போகிறது. மிச்சம் வைப்பாற்றில் சேர்கிறது.

கார்த்திகையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியகுளம் கண்மாய்க் கரையில் நிற்பவருக்கு அது ஒரு சிறு கடல். நல்ல மழை பெய்யாத ஆண்டில் அதே கரையில் சித்திரையில் நின்றால், விரிந்து கிடப்பது வெடித்த களிமண். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் இந்த வட்டாரத்தில் பெரும்பாலான கண்மாய்களில் தண்ணீர் நிற்பது 4 முதல் 6 மாதம்தான். மீன் வளர்ப்பில் இறங்க நினைக்கும் சம்சாரி முதலில் மனதில் வைக்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான். குஞ்சு என்ன விலை, மானியம் எவ்வளவு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மடை யாருக்கு?

கண்மாய் மீனை ஏலம் எடுத்தவருக்கும் ஆயக்கட்டு விவசாயிக்கும் நடுவே மாசி, பங்குனியில் ஒரு இழுபறி வருவது பல ஊர்களில் வழக்கம். நெல் பால் பிடிக்கும் நேரத்தில் விவசாயிக்கு மடை திறந்தாக வேண்டும். மீனோ அப்போதுதான் எடை கூடத் தொடங்கியிருக்கும். தண்ணீர் இறங்கினால் கொக்கும் நாரையும் மீனைத் தின்றுவிடும். வெயிலில் தண்ணீர் சூடேறி மீன் செத்தும் மிதக்கும். பாசனக் கண்மாயில் பயிருக்குத்தான் முதல் உரிமை. அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. தண்ணீர் குறையும் காலத்துக்குள் மீனைப் பிடித்துவிடும்படி திட்டமிடுவதே ஏலம் எடுத்தவருக்கு நல்லது.

திட்டம் தவறுவது பெரும்பாலும் குஞ்சு விடும்போதே. இரண்டு அங்குலக் குஞ்சை மார்கழியில் கண்மாயில் விட்டால், அதில் பாதியை விராலும் கெளுத்தியும் விழுங்கிவிடும். தப்பியது பங்குனியில் கால் கிலோகூட இருக்காது. கட்லா, ரோகு, மிர்கால் மீன்கள் ஒரு கிலோ எடைக்கு வர 10 முதல் 12 மாதம் ஆகும். ஆறு மாதக் கண்மாயில் பன்னிரண்டு மாத மீனை வளர்க்கப் பார்த்தால் கைப்பணம் கரையத்தான் செய்யும்.

நார்வே சொல்லும் பாடம்

மீனின் இயல்பும் காலமும் ஒத்துவராவிட்டால் பெரிய நாடும் தடுமாறும். மீன் எண்ணெய் மாத்திரையால் நம் ஊருக்கு அறிமுகமான காட் மீன் குளிர்கடல் மீன். அளவுக்கு மீறிப் பிடித்ததால் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் அது அருகிப்போய், 1992-இல் அரசு மீன்பிடிக்கே தடை போட்டது. கடலில் குறைந்ததைக் கூண்டில் வளர்க்கலாம் என்று நார்வே இறங்கியது. 2010-இல் அங்கு பண்ணைக் காட் உற்பத்தி சுமார் 20,000 டன். அடுத்த சில ஆண்டுகளில் அந்தத் தொழில் கிட்டத்தட்ட நின்றே போனது.

காரணங்கள் பல. கடலில் மறுபடி காட் அதிகம் கிடைத்து விலை இறங்கியது. நோயும் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கூண்டில் வளர்ந்த காட் இரண்டு வயதிலேயே சினைப்பட்டது. தின்ற தீனி சதையாகாமல் சினையானது. மீன் வளரவில்லை, தீனிச் செலவு மட்டும் வளர்ந்தது. அதன் பிறகு பல தலைமுறை தேர்வு செய்த குஞ்சுகளையும், சினைப்படுவதைத் தள்ளிப்போடக் கூண்டுக்குள் விளக்கு எரிய விடும் முறையையும் கொண்டு 2020-ஐ ஒட்டி அந்தத் தொழில் மீண்டும் எழுந்தது.

இதே சிக்கலை ராஜபாளையத்துச் சம்சாரி ஜிலேபிக் கெண்டையில் பார்க்கிறார். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த மீன் இரண்டு மூன்று மாதத்திலேயே முட்டையிடும். குட்டை முழுக்கக் குஞ்சு நிறையும், எதுவும் உள்ளங்கை அளவைத் தாண்டாது. இதற்கு மாற்றாக வந்ததுதான் கிஃப்ட் திலேப்பியா. ஆண் குஞ்சுகளை மட்டும் வளர்ப்பதால் குட்டையில் இனப்பெருக்கம் இல்லை, 6 மாதத்தில் அரைக் கிலோ வரை வரும். கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரில் இதற்கான குஞ்சு உற்பத்தி மையம் உள்ளது. ஆனால் மீன்வளத்துறை அனுமதி இல்லாமல் இதை வளர்க்கக் கூடாது. கண்மாயில் விடவே கூடாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்புக்கோ முழுத் தடையே உண்டு. மறுகால் வழியாக ஒரு கண்மாயில் நுழைந்தால் வரிசையாக எல்லாக் கண்மாயிலும் நாட்டு மீனைத் தின்று தீர்த்துவிடும்.

குட்டையில் நாற்று, கண்மாயில் நடவு

நெல்லை நேராக வயலில் விதைக்காமல் நாற்றங்காலில் வளர்த்து நடுவது போல, மீனுக்கும் ஒரு நாற்றங்கால் வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உள்ள தோப்பில் 5 சென்ட் பண்ணைக்குட்டை இதற்குப் போதும்.

ஆடியில் குட்டையைக் காயவிட்டு, சுண்ணாம்பு 5 கிலோ தூவி, சாணம் கரைத்து, 4 முதல் 5 அடி தண்ணீர் கட்ட வேண்டும். தண்ணீர் இளம்பச்சையானதும் கட்லா, ரோகு, மிர்கால் கலந்து 2,000 குஞ்சுகள் விடலாம். கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் மேயும் என்பதால் ஒன்றின் இரையை மற்றொன்று பறிக்காது. தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவில் பிசைந்து தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் தர வேண்டும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் தண்ணீரில் பிராணவாயு குறைவு என்று பொருள். அன்று தீனியை நிறுத்திப் புதுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும்.

மூன்றில் இரண்டு பங்கு பிழைத்தால் கார்த்திகையில் விரல் நீளத்தைத் தாண்டிய குஞ்சுகள் 1,300 வரை கையில் இருக்கும். ஏக்கருக்கு 800 முதல் 1,000 வீதம் கண்மாயில் விட்டால், விரால் வாய்க்கு அடங்காத அளவில் அவை வளரத் தொடங்கும். இன்னும் பலன் வேண்டுமென்றால் முந்தைய ஆண்டுக் குஞ்சை நெருக்கமாகவும் அரைத் தீனியிலும் வைத்திருந்து விடலாம். பட்டினியில் குறுகிக் கிடந்த மீன், இடமும் இரையும் கிடைத்ததும் வேகமாக எடை பிடிக்கும். கண்மாய் ஏலம் எடுக்காதவரும் இந்தக் குஞ்சுகளை ஏலக்காரர்களுக்கு விற்கலாம். சிறு விவசாயிக்கு ஆபத்து குறைந்த வழி இதுவே.

கெண்டைக் குஞ்சு இன்று கேட்ட இடத்தில் கிடைப்பதற்குக் காரணம் 1957 ஜூலை 10-ஆம் தேதி ஒடிசாவில் விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரி, ஊசி மூலம் கெண்டையை முட்டையிட வைத்தது. அந்த நாளே தேசிய மீன் விவசாயிகள் தினம். கடல் மீனிலும் 2010-இல் மண்டபத்தில் கடல் விரால் மீனைச் சினைப்படுத்திக் குஞ்சு எடுத்தார்கள். அது உப்புநீர் உள்ள கடலோரத்துக்கான தொழில்.

பால்கோவா ஊரில் மீனுக்குச் சந்தை

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. இங்கு மாடு வளர்ப்பு நிலைத்து நிற்பதற்குக் காரணம், கறந்த பாலைக் காலையிலேயே வாங்கக் கூட்டுறவுச் சங்கமும் கடைகளும் இருப்பது. மீனுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. பங்குனி, சித்திரையில் எல்லாக் கண்மாயிலும் ஒரே வாரத்தில் வலை விழுந்தால் விலை தரைக்கு வரும். புரட்டாசியில் பாதி வீடுகளில் மீன் சமைப்பதே இல்லை. தூத்துக்குடியிலிருந்து ஐஸில் வரும் கடல் மீனோடு கண்மாய் மீன் போட்டியிட ஒரே பலம், கரையிலேயே உயிரோடு எடை போட்டுக் கொடுப்பது. ஆகவே பெரிய மீனாகப் பார்த்து வாரம் கொஞ்சமாகப் பிடித்து விற்க வேண்டும்.

2020-இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பத யோஜனா திட்டத்தில் குட்டை அமைக்கப் பொதுப்பிரிவினருக்கு 40 சதவிகிதமும், பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கு 60 சதவிகிதமும் மானியம் என விதி வகுக்கப்பட்டது. கிசான் கடன் அட்டையும் மீன் வளர்ப்புக்கு உண்டு. நிதி இருப்பையும் இப்போதைய விதிமுறையையும் மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு குட்டை வெட்டுவது நல்லது. மானியம் ஒருமுறைதான் வரும். கிணற்றில் வைகாசி வரை தண்ணீர் நிற்குமா என்ற கேள்வி ஆண்டுதோறும் வரும். அதற்கு 'ஆம்' என்று சொல்ல முடிந்தவர்கள் இந்த ஆடியிலேயே 5 சென்ட்டில் தொடங்கிப் பார்க்கலாம்.