ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீடு



சென்னைக்கு வரும் வெளியூர் அன்பர்கள் மெரினாவைக் காண்பர், அருங்காட்சியகத்தைக் காண்பர், கடைவீதிகளில் கால் கடுக்க நடப்பர். ராஜா அண்ணாமலைபுரத்தைப் பார்க்க வேண்டும் என்று எவரும் மூட்டை கட்டிப் புறப்படுவதில்லை. கோட்டை கொத்தளம் எதுவும் அங்கே இல்லை. இருப்பவை வீடுகள். அவ்வீடுகளைக் காணவே உங்களை அழைக்கிறேன். இடிப்பதா, காப்பதா என்று ஒரு குடும்பமே உறக்கமின்றித் தவித்த வீடு ஒன்றின் உள்ளேயும் உங்களை அழைத்துச் செல்வேன்.

பெயரும் ஊரும்

பறக்கும் ரயிலில் ஏறிக் கிரீன்வேஸ் சாலை நிலையத்தில் இறங்குங்கள். தெற்கே அடையாறு; வடக்கே மந்தைவெளியும் மயிலாப்பூரும்; கிழக்கே கழிமுகமும் கடலும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் பிராடி என்னும் ஸ்காட்லாந்துக்காரர் ஆற்றோரமாகக் கட்டிய மாளிகை இப்பகுதியில்தான் உள்ளது. பிற்காலத்தில் அது அரசு இசைக் கல்லூரியின் இருப்பிடமாயிற்று. கழிமுகத்தையொட்டிச் செட்டிநாடு மாளிகை நிமிர்ந்து நிற்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 1929இல் நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் (1881–1948) பெயரையே இவ்வூர் தாங்கியுள்ளது.

மாளிகைகளை விட்டுச் சற்றே உள்ளே வாருங்கள். மெயின் ரோடு என்றும் குறுக்குத் தெரு என்றும் எண்ணிட்டு அழைக்கப்படும் தெருக்கள். அடுக்குமாடிகளுக்கு இடையே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தாழ்ந்த தட்டைக் கூரை வீடுகள் தென்படும். தூணின்றி முன்னே நீளும் சன்னமான கான்கிரீட் சன்ஷேடு. வளைந்த முகப்புடைய போர்டிகோ. மாடிப்படிச் சுவரில் சதுரம் சதுரமாய்த் துளையிட்ட சிமெண்ட் ஜாலி. நேர்கோடுகளால் ஆன இரும்புக் கிரில். உள்ளே பளிச்சிடும் மொசைக் தரை. 1950களிலும் 60களிலும் நடுத்தர, மேல்நடுத்தர மக்கள் கட்டிக்கொண்ட வீடுகள் இவை.

இவற்றுக்கு இன்று மேல்நாட்டில் ஒரு பெயர் உண்டு. "மிட் செஞ்சுரி மாடர்ன்", அதாவது நூற்றாண்டின் நடுப்பகுதி நவீனம் என்பர். 1984இல் வெளிவந்த ஓர் அமெரிக்க நூலின் தலைப்பாக அமைந்து புகழ்பெற்ற பெயர் அது. வீட்டு அலங்காரக் கடைகளில் இப்பாணியைச் சொல்லி இன்று பெருந்தொகைக்கு மேசையும் நாற்காலியும் விற்கிறார்கள். அந்தப் பாணியிலேயே பிறந்த வீடுகளோ இங்கே ஒவ்வொன்றாக இடிபடுகின்றன.

கடன் வாங்கிய பாணியா?

"இது வெள்ளைக்காரன் பாணி, நமக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விடை காணப் புதுச்சேரி வரை ஒரு நடை போய் வருவோம்.

அங்கே அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த "கோல்கொண்டா" என்னும் விடுதி உள்ளது. 1930களின் பிற்பகுதியில் எழத் தொடங்கி 1940களில் நிறைவெய்திய கான்கிரீட் கட்டடம் அது. டோக்கியோவில் தொழில் செய்துவந்த அந்தோனின் ரேமண்ட் அதை வடிவமைத்தார். அவருடைய உதவியாளராக இருந்து பணியைக் கவனித்த ஜார்ஜ் நாகஷிமா, பின்னாளில் அமெரிக்காவின் புகழ்பெற்ற மரத்தச்சுக் கலைஞரானார். கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்குகின்றன. சுவருக்குப் பதிலாகத் திருப்பி மூடும் பலகைகள்; வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடுபவை. அறைகளின் உட்சுவர்களிலோ நம் செட்டிநாட்டுச் சிப்பிச் சுண்ணாம்புப் பூச்சு! வடிவமைத்தவர் வெளிநாட்டவர், வடிவத்துக்குக் காரணமாய் நின்றவை நம் வெயிலும் நம் காற்றும்.

1958இல் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசின் அழைப்பில் இங்கு வந்து ஓர் அறிக்கை அளித்தனர். நாடெங்கும் தாம் கண்ட பொருள்களுள் மிக அழகியது என அவர்கள் பாராட்டியது எதைத் தெரியுமா? நம் அடுக்களையில் இருக்கும் சொம்பை! அந்த அறிக்கையின் பயனாகவே 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது.

சென்னையிலும் அது கான்கிரீட்டின் காலம். 1959இல் அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடம் வான் நோக்கி எழுந்தது. அந்தக் கான்கிரீட் யுகத்தின் தொடர்ச்சியாக, 1973இல் திறக்கப்பட்ட ஜெமினி மேம்பாலத்தைக் கட்டியது கீழக்கரை தந்த பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்களின் நிறுவனம் என்பது நம் வாசகர்கள் பலரும் அறிந்து பெருமிதம் கொள்ளும் செய்தி.

நண்பரின் வீடு

இனி நான் சொன்ன வீட்டுக்கு வருவோம். உரிமையாளர்களின் பெயர் நமக்கு வேண்டியதில்லை. கீழக்கரையிலிருந்து வந்து சென்னையில் வணிகம் செய்த ஒருவர் 1962இல் கட்டிய வீடு. சிமெண்ட் அரசின் கட்டுப்பாட்டில் இருந்த காலம் அது. 1982இல் ஒரு பகுதியாகவும் 1989இல் முழுமையாகவும்தான் அக்கட்டுப்பாடு நீங்கியது. பெர்மிட்டுக்காக அலுவலகப் படிகளில் ஏறி இறங்கி, மூட்டை மூட்டையாகச் சேர்த்துக் கட்டினார் அவர். கீழே ஒரு குடித்தனம்; மேலே வாடகைக்கு விட ஒரு குடித்தனம்; இரண்டையும் இணைக்க வெளிப்புறமாக ஒரு படிக்கட்டு.

அவர் காலமான பின்னர் மனைவியும், இரண்டு ஆண்மக்களும், ஒரு மகளும் வாரிசுகளாயினர். பெரியவர் வெளிநாட்டில். மகள் மணமாகித் திருச்சியில். இளையவரான என் நண்பர் தாயாருடன் இவ்வீட்டில்.

மார்க்கச் சட்டப்படி, இறந்தவருக்கு மக்கள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒன்று. சொத்தை 40 பங்காக்கினால் தாயாருக்கு 5, மகன்களுக்குத் தலைக்கு 14, மகளுக்கு 7. கணக்கு எளிது. ஆனால் ஒரு வீட்டை நாற்பதாக வெட்டுவது எப்படி? கூடத்தில் ஏழு பங்கைப் பிரித்துத் திருச்சிக்கு அனுப்ப முடியுமா?

ஆகவே வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுப்பதென்று பேச்சு எழுந்தது. ஆளுக்கொரு ஃபிளாட், மிச்சத்துக்குப் பணம். 2019ஆம் ஆண்டு விதிகள் ஒரு மனையில் கட்டக்கூடிய தளப்பரப்பை உயர்த்திவிட்டதால் கேட்டு வருவோரும் மிகுந்திருந்தனர். இதைப் பேராசை என்று நாம் எளிதில் பழித்துவிடலாகாது. பங்கைக் கொடுக்காமல் இழுத்தடித்து உடன்பிறந்தாளை அழவைக்கும் வீடுகள் நம்மிடையே இல்லையா? பழைய வீட்டைப் போற்றுகிறோம் என்ற பெயரில் பெண்ணின் உரிமையை அடைத்துவைப்பது எவ்வகையிலும் அறமாகாது.

நான் சென்றிருந்த நாளில் நண்பரின் தாயார் கூடத்துப் பிரம்பு நாற்காலியில் அமர்ந்திருந்தார். நண்பற்பகல். மின்சாரம் இல்லை. ஆயினும் கூடத்தில் புழுக்கம் இல்லை. கிழக்கே இருந்த ஜாலி வழியே கடற்காற்று நுழைந்து, கதவுகளுக்கு மேலிருந்த வென்டிலேட்டர்களைக் கடந்து மேற்கே வெளியேறிக்கொண்டிருந்தது.

"இடிக்கிறதுன்னா இடிங்க வாப்பா. நான் குறுக்கே நிக்கலே. என் மகளுக்குச் சேர வேண்டியது முதல்லே சேரணும். ஆனா, இந்தக் காத்தை அந்த ஃபிளாட்டுக்காரர் எழுதிக் கொடுப்பாரான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றார் அந்த அம்மையார்.

எவரும் விடை சொல்லவில்லை.

புதுப்பித்த விதம்

ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துச் சோதித்தனர். இடிக்கும் முடிவுக்கு முன்னரே ஒவ்வொருவரும் செய்ய வேண்டியது இது. சுவர்களும் அடித்தளமும் உறுதி. கூரையில்தான் நோய். கடற்காற்றின் உப்பும் ஈரமும் கான்கிரீட்டினுள் இறங்க, கம்பி துருப்பிடித்துப் பருத்து மேற்பூச்சைத் தள்ளியிருந்தது. "கூரை விழுகிறது" என்று நாம் அஞ்சுவது பெரும்பாலும் இதைத்தான். தளர்ந்த பகுதியைக் கொத்தி நீக்கி, கம்பியின் துருவைச் சுரண்டி, தேய்ந்த இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, துருத்தடுப்புப் பூச்சிட்டு, பாலிமர் கலந்த கலவையால் அடைத்தனர். மொட்டை மாடியில் வெடித்துப்போன தட்டோடுகளை நீக்கி, நீர்க்கசிவைத் தடுத்து, வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வெள்ளை ஓடுகள் பதித்தனர்.

அடுத்தது சாலை. மேலும் மேலும் தார் போட்டதால் தெரு உயர்ந்து, வீடு பள்ளத்தில் நின்றது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கூடம் வரை நீர் புகுந்த அனுபவமும் உண்டு. ஜாக்கிகள் வைத்து முழு வீட்டையும் உயர்த்தும் தொழில் சென்னையில் நடைபெறுகிறது. அதற்குச் செலவு கட்டுப்படியாகவில்லை. வாயிலில் படியை உயர்த்தி, மின்சாரப் பலகைகளை மேலேற்றி, கழிவுநீர் திரும்பி வராதிருக்க வால்வு பொருத்தி அமைந்தனர். பழைய ஒயர்கள் முழுவதையும் மாற்றினர்.

இதற்குப் பின்னரே அழகு. அதுவும் சேர்த்ததால் வந்த அழகன்று, நீக்கியதால் வந்தது. 1990களில் ஒட்டிய பிளாஸ்டிக் விரிப்பை உரித்ததும் கீழே மஞ்சளும் கறுப்புமாக மொசைக் தரை கிடந்தது. இயந்திரத்தால் தேய்த்து மெருகேற்றியதும் அது முகம் பார்க்கும் கண்ணாடியாயிற்று. ஃபால்ஸ் சீலிங்கை அகற்றியதும் அடைபட்டிருந்த வென்டிலேட்டர்கள் மூச்சுவிட்டன. ஜாலியின் உட்புறம் கொசுவலை பொருத்தினர். பழைய சாமான்காரருக்குப் போகவிருந்த தேக்கு நாற்காலிகளுக்குப் புதிதாகப் பிரம்பு பின்னினர்.

நாற்காலி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சண்டிகர் அரசு அலுவலகங்களுக்காகப் பியர் ஜான்னரே வடிவமைத்த தேக்கு, பிரம்பு நாற்காலிகளைக் கழிவுப்பொருளாக ஏலம் விட்டனர். அவையே வெளிநாட்டு ஏலக்கூடங்களில் பல லட்சங்களுக்கு விலைபோயின. 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றின் விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் தடை விதிக்க வேண்டியதாயிற்று. பரணில் கிடப்பதை எடைக்குப் போடுமுன் ஒருமுறை துடைத்துப் பாருங்கள்!

மூத்த அம்மையாருக்காகக் கீழ்த்தளக் குளியலறையில் வழுக்காத தரையும் கைப்பிடியும் வைத்தனர். இவை எந்த அலங்கார ஏட்டிலும் படமாக வராதவை; ஆனால் வீட்டின் முதல் அலங்காரம் இவையே.

படிக்கட்டு காட்டிய வழி

பங்கு என்னவாயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? வீட்டின் மதிப்பை இருவரைக் கொண்டு தனித்தனியே கணித்தனர். நண்பர் ஊரிலிருந்த தம் மனையை விற்று, வேலை தொடங்குமுன்னரே சகோதரியின் ஏழு பங்குக்குரிய தொகையைச் சாட்சிகள் முன் கொடுத்துப் பத்திரமும் பதிந்தார். தமையனார் மேல்மாடியை ஏற்றார். வாடகைக்கென்று வாப்பா வைத்த வெளிப்படிக்கட்டு, இரு குடும்பங்களைச் சச்சரவின்றிப் பிரித்தும் இணைத்தும் வைத்துவிட்டது. அறுபதாண்டுகளுக்கு முன் வரைபடத்தில் இழுத்த ஒரு கோடு பாகப்பிரிவினையைத் தீர்த்தது எனலாம்.

எல்லா வீட்டுக்கும் இவ்வழி பொருந்தும் என்று நான் கூறவில்லை. தூணும் அடித்தளமும் தளர்ந்தால் இடிக்கத்தான் வேண்டும். பங்காளிகள் பலரென்றால் விற்கத்தான் வேண்டும். அப்போதும் அந்தத் தேக்குச் சன்னல்களையும் கிரில்களையும் புதுவீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று உங்கள் தந்தையார் பார்த்து வைத்ததைப் புது வரைபடக்காரருக்கும் சொல்லுங்கள்.

சென்ற மாதம் மீண்டும் அவ்வீட்டுக்குப் போயிருந்தேன். திருச்சியிலிருந்து மகள் பிள்ளைகளுடன் வந்திருந்தார். பங்கு வாங்கிச் சென்றவர் விருந்தாளியாக அன்று, வீட்டுப் பெண்ணாகவே மொசைக் தரையில் கால் நீட்டி அமர்ந்து உம்மாவுக்கு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஜாலியின் நிழல் விழுந்த சதுரங்களில் பாண்டி ஆடினர்.

கிழக்கிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது.