தீட்டிய மரம்

தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்டு ஔவையார் பாடிய பாடல் ஒன்று புறநானூற்றில் உண்டு, 95ஆம் பாடல். இங்குள்ள படைக்கலங்கள் நெய் பூசப்பெற்று, பீலியும் மாலையும் அணிந்து, காவல் மிக்க மனையில் அழகாக இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்பது அதன் சாரம். புகழ்வதுபோல் பழித்தல், பழிப்பதுபோல் புகழ்தல் என்றெல்லாம் நயம் கூறி இப்பாடலை இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறோம். உழைக்கிற இரும்பு மழுங்கும், மழுங்கினால் அதைத் தீட்டியாக வேண்டும் என்கிற எளிய செய்தியும் அதற்குள் இருப்பது, அம்மாவின் விரலில் மூன்று தையல் போட்ட பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

நாங்கள் கணவனும் மனைவியுமாகத் திருச்சியில் ஆசிரியப் பணியில் இருக்கிறோம். அம்மா குடவாசல் பக்கம் கிராமத்து வீட்டில் தனியாக இருக்கிறார். எழுபத்தாறு வயது. அன்று பரங்கிக்காயைப் பிளக்கும்போது அரிவாள்மனை வழுக்கியிருக்கிறது. மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் நாங்கள் செய்த முதல் வேலை, அரிவாள்மனையைத் தூக்கிப் பரணில் போட்டது. "இனிமே நீ காய் நறுக்கவே வேண்டாம்மா" என்று சொல்லி, சமையலுக்கு ஓர் ஆளையும் ஏற்பாடு செய்தோம். அம்மா மறுமொழி சொல்லவில்லை. கடமையைச் செய்துவிட்ட நிறைவோடு பேருந்து ஏறினோம்.

அடுத்த மாதம் போனபோது அம்மா திண்ணையில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். ஆய்வதற்குக் கீரையோ உரிப்பதற்கு மொச்சையோ மடியில் இல்லாமல் அவர் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததேயில்லை. "கீரைய வைக்கோல் மாதிரி அரிஞ்சு வைக்கிறா. நான் சொன்னா கேக்க எனக்கு என்ன பாத்தியதை?" என்றார். பாத்தியதை என்ற அந்தச் சொல் திருச்சி வரையில் எங்களோடு வந்தது.

மறுமுறை போனபோது பரணிலிருந்து அரிவாள்மனையை இறக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தோம். கூரான வாயில் ஒளி நிற்காது. மழுங்கிய வாயில் வெள்ளிக் கம்பிபோல் ஒரு கோடு மின்னும். இதில் அடி முதல் நுனி வரை கோடுதான். கூர் இருந்தால் காய்க்குள் அலகு தானே இறங்கும். கூர் இல்லாவிட்டால் கை தன் பலத்தையெல்லாம் கொடுத்து அழுத்த வேண்டும், வழுக்கும்போது அந்தப் பலம் முழுவதும் விரல்மேல் திரும்பும். முதுமையின் கணக்கில் நாங்கள் எழுதிவிட்ட குற்றம் இரும்பினுடையது.

முன்பெல்லாம் மரச்சட்டமும் சக்கரமுமாகத் தோளில் சுமந்துகொண்டு, "கத்தி சாணை, கத்திரி சாணை" என்று கூவியபடி ஒருவர் வருவார். சட்டத்தைத் தெருவில் நிறுத்திக் காலால் மிதித்தால் கல் சுழலும். அவர் வருவது நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதைக்கூட அன்றுதான் கேட்டறிந்தோம். நகரத்துக் கடை ஒன்றில் சோதனையாகப் பழைய கத்தி ஒன்றைக் கொடுத்தோம். மின்சாரக் கல்லில் பொறி பறந்தது. வாயோரம் நீலம் பாய்ந்தது. ஏறக்குறைய 300 பாகை வெப்பம் ஏறினால்தான் எஃகில் அந்த நீலம் தோன்றும். அதற்குள் இரும்பின் பதம் இறங்கிவிடும். இரண்டே வாரத்தில் கத்தி பழையபடி மழுங்கிற்று.

எனவே நாமே தீட்டுவது என்று முடிவு செய்தோம். அரிவாள்மனையைப் பேருந்தில் கொண்டு வர இயலாது. கல்லைத்தான் அதனிடம் கொண்டு போக வேண்டும். பக்கத்துத் தெருத் தச்சரின் உதவியோடு ஒட்டுப்பலகையில் ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் ஒரு பெட்டி செய்தோம். மூடியைக் கழற்றிக் கவிழ்த்தால் அதுவே தீட்டுமேடை. அதன்மேல் இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவில், எட்டு அங்குலக் கார்போரண்டம் கல் ஆப்பு வைத்து இறுக்கப்பட்டிருக்கும். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நயம். முதல் நாள் கல்லோடு மேடையும் சேர்ந்து நகர்ந்தது. அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியதும் நின்றது. பெட்டிக்குள் ஒரு தண்ணீர்க் குப்பி, துணி, சிறு பலகையில் ஒட்டிய பழைய தோல் இடுப்புவார், இரு முனையும் குறுகிய படகு வடிவக் கைக்கல். இந்தக் கைக்கல்தான் அரிவாள்மனைக்கு உரியது. கத்தியைக் கல்லின்மேல் நடத்தலாம். பலகையில் பதிந்து வளைந்து நிற்கும் அலகின்மேலோ கல்லைத்தான் நடத்த வேண்டும்.

எங்களைத் திணறடித்தது சாய்வு. சமையல் கத்திக்குப் பக்கத்துக்கு 20 பாகை அளவில் இருந்தால் போதும் என்கிறார்கள். அதைக் கண்ணால் அளப்பது எப்படி? பள்ளிக்கூடக் கணக்கு கைகொடுத்தது. கத்தியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அதன் முதுகைக் கல்லிலிருந்து உயர்த்தினால் ஏறத்தாழ அந்தச் சாய்வு வந்துவிடும். 45 மில்லிமீட்டர் கத்திக்கு 15 மில்லிமீட்டர். அந்த உயரத்தில் ஒரு மரத்துண்டு சீவி வைத்துக்கொண்டோம். ஒரு பக்கம் தேயத் தேய மறுபக்கம் நுண்ணிய பிசிறு எழும். விரல் நுனியைக் குறுக்கே மெல்ல நகர்த்தினால் தட்டுப்படும். பிசிறு எழுந்தால்தான் வாய்வரை கல் தொட்டது என்று பொருள். பிறகு மறுபக்கம், பிறகு நயமான கல், முடிவில் தோலில் பின்னோக்கி இழுத்துப் பிசிறைக் களைவது. வீட்டுக் கத்திகள் நான்கைந்து தேய்ந்த பிறகு கை ஒருவாறு படிந்தது.

பெட்டியோடு ஊருக்குப் போனோம். திண்ணையில் மேடையைப் பரப்பி முதலில் ஒரு காய்கறிக் கத்தியைத் தீட்டினோம். கூர் எப்படி என்று பார்க்கும் ஆவலில், கைக்கு எட்டிய மேடையின் ஓரத்திலேயே மெல்ல ஓர் இழுப்பு.

"தீட்டின மரத்துலயே கூர் பாக்கறீங்களே!" என்றார் அம்மா.

இந்தப் பழமொழிக்கு நன்றி மறத்தல் என்று எத்தனை விடைத்தாள்களில் மதிப்பெண் போட்டிருப்போம்! மரத்தில் எதற்குத் தீட்டுவார்கள் என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. அம்மா சொன்னார். அவர் பிறந்த வீட்டில் தீட்டுமரம் என்று ஒரு கட்டை இருந்ததாம். வெங்கச்சங்கல்லை இடித்துச் சலித்து அந்தப் பொடியைத் தூவி, அறுப்புக்குப் போகுமுன் அரிவாள்களை அதில்தான் தேய்ப்பார்களாம். வெங்கச்சங்கல் எஃகைவிடக் கடினமானது. அமெரிக்கரான ஆச்சிசன் 1893இல் காப்புரிமை பெற்ற கார்போரண்டம் அதனினும் கடினம். ஆனாலும் செய்கிற வேலை ஒன்றுதான்.

பேசிக்கொண்டே அம்மா அரிவாள்மனையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். கைக்கல்லை நீரில் நனைத்தார். மரத்துண்டு அளவெல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை. அடியிலிருந்து நுனி வரை ஒரே சாய்வில் கல் போயிற்று; அதன் ஓசைகூட மாறவில்லை. தையல் தழும்பு உள்ள விரல் கல்லின் முதுகில் அழுந்தியிருந்தது. நாங்கள் இருவரும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். தீட்டுவதற்கு ஆள் இல்லை என்றுதான் நினைத்திருந்தோமே தவிர, அவரிடம் ஒரு கல் இல்லை என்பதை நினைக்கவில்லை.

அன்று மதியம் வாழைத்தண்டுப் பொரியல். நார் எடுத்து, மெல்லிய வில்லைகளாக்கி, அவரே அரிந்தது. மாலைக்குள் அக்கம்பக்கத்துக் கத்திகள் ஏழெட்டு திண்ணைக்கு வந்து சேர்ந்தன. கிளம்பும்போது பெட்டியைக் கட்ட எடுத்தோம்.

"அது இங்கயே இருக்கட்டும்" என்றார் அம்மா.

ஊர் ஊராகத் தூக்கிச் செல்வதற்கென்று அளவு பார்த்துச் செய்த பெட்டி. அது பேருந்தில் போனது அந்த ஒருமுறைதான்.