சைக்கிளில் யாழ்ப்பாணம் வரை

துவிச்சக்கர வண்டியை ஒரு பொழுதுபோக்காக எண்ணிப்பார்க்கும் வசதி எனது தலைமுறை யாழ்ப்பாணத்தவருக்கு வாய்த்ததில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர், மின்சாரமும் பெற்றோலும் இல்லாத குடாநாடு ஐந்து வருடங்களுக்கு மேலாக சைக்கிளை நம்பியே வாழ்ந்தது. விறகுக் கட்டு, மண்ணெண்ணெய்க் கலன், நோயாளி என்று அதில் ஏற்றப்படாதது எதுவுமில்லை. பற்றரிகளும் தடை செய்யப்பட்டிருந்தபடியால், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தில் வானொலி கேட்டோம். அப்பியாசக் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சான அந்நாட்களில்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். பி.பி.சி. தமிழோசையைக் கேட்டுக் குறிப்பெடுப்பது எனது வேலை. பெடல் சுற்றுவது இன்னொருவரின் வேலை. அவர் களைத்துவிட்டால் செய்தி பாதியில் நின்றுவிடும்.

கொழும்புக்கு வந்த பிறகு சைக்கிளை நான் தொடவில்லை. 2022 இல் எரிபொருளுக்கு மைல் கணக்கில் வரிசைகள் நீண்டபோது, நகரமே சைக்கிள் தேடி அலைந்தது. விலை இரட்டிப்பான பின்னர்தான் எனக்கும் புத்தி வந்து, பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினேன். வரிசைகள் மறைந்த பிறகும் அதை விட மனம் வரவில்லை. 2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை சைக்கிளில் சென்று தெல்லிப்பழை புற்றுநோய் மருத்துவமனையின் நோயாளர்களுக்காக நிதி திரட்டப் போவதாகச் சொல்லி, சில இளைஞர்கள் என்னையும் அழைத்தார்கள். ஒரு பத்திரிகையாளர் உடன் வந்தால் செய்தி வெளிவரும் என்ற கணக்கும் அவர்களிடம் இருந்திருக்கும். அதில் தவறு காண்பதற்கில்லை.

ஏறத்தாழ 400 கிலோமீற்றர், நான்கு நாட்கள். எனக்கு அப்போது வயது 54. இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவன். வைத்தியர் பரிசோதித்துவிட்டு, ஆறு மாதங்கள் முறையாகப் பயிற்சி செய்தால் போகலாம் என்றார்.

அதிகாலை நான்கரை மணிக்கு வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே பாணந்துறை வரை சென்று திரும்புவது வழக்கமாயிற்று. பேத்தோவனின் இசையை ஒலித்துக்கொண்டு பாண் விற்கும் முச்சக்கர வண்டிகள் வரும் நேரத்துக்கு வீடு திரும்பிவிடுவேன். சைக்கிள் ஓட்டத் தெரியும் என்ற எனது இறுமாப்பு முதல் வாரத்திலேயே நொறுங்கியது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் சைக்கிளை 'உழக்கி'யவர்கள். முழு உடல் பாரத்தையும் பெடலில் இறக்குபவர்கள். குழுவிலிருந்த தமிழ் இளைஞர் ஒருவர், "அங்கிள், மிதிக்காதீங்க, சுழற்றுங்க" என்றார். கியரை இலேசாக்கி, நிமிடத்துக்கு 80, 90 சுற்றுகள் என்ற கணக்கில் கால்கள் சுழல வேண்டுமாம். முழங்கால் அப்போதுதான் தப்புமாம். முப்பது வருடப் பழக்கத்தை மறக்க எனக்கு இரண்டு மாதங்கள் பிடித்தன.

உணவு பற்றியும் படிக்க வேண்டியிருந்தது. பசிக்க முன்னர் உண்ண வேண்டும், தாகம் எடுக்க முன்னர் குடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கேட்காமல் வெறும் வயிற்றுடன் களுத்துறைக்குப் போய்த் திரும்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொரட்டுவையில் கண் இருண்டு, பஸ் தரிப்பிடமொன்றில் அமர்ந்துவிட்டேன். உடலில் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை இரண்டு மூன்று மணி நேரக் கடும் உழைப்பில் தீர்ந்துவிடும் என்பதை அன்று அனுபவத்தில் அறிந்தேன். அருகிலிருந்த தேநீர்க் கடைக்காரர் இரண்டு வாழைப்பழமும் சீனி கூட்டிய பிளேன்ரீயும் தந்துவிட்டு, இந்த வயதில் இது தேவைதானா என்று சிங்களத்தில் கேட்டார்.

பயிற்சியை விடவும் கடினமாக இருந்தது பணம் கேட்பதுதான். வெளிநாடுகளில் வாழும் நண்பர்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மருந்துத் தட்டுப்பாடு பற்றியும், வன்னியிலிருந்து தெல்லிப்பழைக்கு வரும் நோயாளர்களின் போக்குவரத்துச் செலவு பற்றியும் விபரமாக எழுதினேன். பதில் எழுதியவர்கள் இருவர். அவர்களில் ரொறன்ரோவில் வாழும் ஒரு நண்பர், தங்குமிடத்துக்கும் பனியனுக்கும் செலவழிக்கும் பணத்தை நேரடியாகவே மருத்துவமனைக்குக் கொடுக்கலாமே என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. எனது செலவை நானே ஏற்பதாக அவருக்கு எழுதினேன். ஆனால், அது முழுமையான பதிலல்ல என்பது எனக்குத் தெரியும். 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை பலர் நடந்து திரட்டிய நிதிதான் தெல்லிப்பழையில் அந்த மருத்துவமனை எழ உதவியது என்பதையும் குறிப்பிட்டேன். யாரும் நடக்காவிட்டாலும் அந்தப் பணம் வந்திருக்குமா என்று திருப்பிக் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

இரண்டாவது கடிதத்தில் அக்காவைப் பற்றி எழுதினேன்.

1994 இல் அக்காவுக்கு வயது 31. மார்பில் கட்டி இருப்பதை அவர் பல மாதங்கள் எவரிடமும் சொல்லவில்லை. சொன்ன பிறகு, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் இரண்டு தடவைகள் அவரை எனது சைக்கிள் கரியரில் ஏற்றிச் சென்றேன். கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு மஹரகமைக்குத்தான் போகவேண்டும் என்றார்கள். மஹரகமை என்றால் முதலில் வெளியேறுவதற்கான 'பாஸ்', பிறகு கிளாலியில் இரவுப் படகு, அதன் பிறகு வவுனியாவில் மறுபக்கத்தின் சோதனை. விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தோம். வீதியில் குழிகள் வரும்போதெல்லாம் அக்கா எனது சேட்டைப் பின்னாலிருந்து இறுகப் பிடிப்பார். "தம்பி, இறங்கி உருட்டு, உனக்கு இளைக்குது" என்பார். வலி தனக்கென்று சொல்லமாட்டார். பாஸ் வந்தது. அவரது எட்டுச் செலவு முடிந்து நான்கு நாட்களின் பின்னர் வந்தது.

இதை எழுதி அனுப்பிய பிறகு பணம் வந்தது, நான் எதிர்பார்த்ததை விடவும் அதிகமாக. 29 வருடங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்த ஒரு துயரத்தைச் சந்தைக்குக் கொண்டுபோய்விட்டேனோ என்ற உறுத்தலும் கூடவே வந்தது. அது இன்னும் போகவில்லை.

ஜூலை மாதம் புறப்பட்டோம். முதல் நாள் புத்தளம், சுமார் 130 கிலோமீற்றர். இரண்டாம் நாள் அநுராதபுரம். வில்பத்துவை அண்டிய பாதையில் யானை நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் போனதைத் தவிர சொல்வதற்கு அதிகமில்லை. இருக்கை உராய்ந்து புண்ணானதை வாசகர்களுக்கு விவரிக்கப் போவதில்லை.

மூன்றாம் நாள் ஏ9 வீதியில் ஏறி மதவாச்சியைத் தாண்டினோம். எனக்குப் பக்கத்தில் கம்பஹாவைச் சேர்ந்த ஒரு சிங்கள இளைஞர் வந்தார். அவரது தாயார் மஹரகமையில் சிகிச்சை பெற்றுக் குணமடைந்தவர். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வந்தோம் என்றார். ஓமந்தையில், முன்னர் சோதனைச்சாவடி இருந்த இடத்தைக் காட்டினேன். அங்கு வெயிலில் காத்து நின்ற காலத்தைச் சொல்ல முற்பட்டு, எனது சிங்களம் போதாமல் நிறுத்திக்கொண்டேன். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி எல்லோருக்கும் பங்கிட்டோம். அன்றிரவு கிளிநொச்சியில் தங்கினோம்.

கடைசி நாள் ஆனையிறவில் சோளகக் காற்று இடப்பக்கத்திலிருந்து வீசி, சைக்கிளைச் சரித்தது. சாவகச்சேரியைக் கடந்ததும் எவருடனும் நான் பேசவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு இதே வீதியில், நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி எதிர்த் திசையில், அம்மாவின் றங்குப் பெட்டியைக் கரியரில் கட்டி, சன நெரிசலில் ஏறி ஓட முடியாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவன் நான். இப்போது அந்தப் பாலத்தைக் கடக்க ஒரு நிமிடமும் ஆகவில்லை.

தெல்லிப்பழையில் வரவேற்பும் உரைகளும் காசோலை கையளிப்பும் நடந்தன. நான் கூட்டத்திலிருந்து விலகி ஒரு மர நிழலில் அமர்ந்தேன். தலையில் துணி சுற்றிய ஓர் அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"எங்கையிருந்து தம்பி வாறியள்?"

"கொழும்பிலையிருந்து, அம்மா."

"உதிலையோ? ஏன், பஸ் ஓடேல்லையோ?"

நோயாளர்களுக்காகத்தான் வந்தோம் என்று விளக்கினேன். அவர் தலையாட்டிவிட்டு, எனது சைக்கிளை முன்னும் பின்னும் பார்த்தார்.

"கரியர் இல்லையே. ஆளை எங்கை வைச்சு ஏத்துறது?"

அவருக்கு மருந்து ஏற்றும் நேரம் வந்துவிட்டதென்று தாதி அழைத்தார். சைக்கிளை லொறியில் ஏற்றிவிட்டு, அன்றிரவு பஸ்ஸில் கொழும்புக்குத் திரும்பினேன்.