பழுப்பு நிலக்கரி நகரில் ஒரு சீனமொழிப் பாடம்

நீங்கள் நெய்வேலியைக் கண்டிருக்கிறீர்களா? பண்ருட்டியின் பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் கடந்து, வடலூரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பேருந்து விரையும்போது, "ஆர்ச் கேட்" என்று நடத்துநர் குரல் கொடுப்பார். அங்கே இறங்கி உள்ளே நடந்தால் அகன்ற தெருக்களும், இருமருங்கும் நிழல் தரும் மரங்களும், ஒரே சீரான குடியிருப்புகளும் உங்களை வரவேற்கும். இங்குத் தெருப்பெயரைக் காட்டிலும் வட்ட எண்ணைச் சொல்லித்தான் வீட்டைத் தேடுவார்கள்.

1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியபோதே இவ்வூருக்கு அயல்நாட்டுத் தொடர்பும் வந்து சேர்ந்தது. முதல் அனல்மின் நிலையம் சோவியத் நாட்டின் உதவியோடு எழுந்து, 1962இல் மின்சாரம் தரத் தொடங்கி, 2020இல் ஓய்வு பெற்றது. சுரங்கத்தில் மண்ணை வாரியெடுக்கும் மாபெரும் சக்கர எந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. அயல்நாட்டார் வந்து பழகிய இவ்வூரில், இப்போது அயல்நாட்டுக்குப் புறப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அண்மையில் இங்குள்ள உறவினர் இல்லத்தில் சில நாட்கள் தங்கியிருந்தேன். அவ்வீட்டுப் பிள்ளை மருத்துவம் பயிலச் சீனா செல்ல ஆயத்தமாகிக்கொண்டிருந்தான். தமிழகத்திலிருந்து ஏராளமான மாணவர்கள் இவ்வாறு சென்றிருப்பதை நீங்கள் அறிவீர்கள். வகுப்புப் பாடம் ஆங்கிலத்தில் நடைபெறலாம். ஆனால் மருத்துவமனையில் கட்டிலில் கிடக்கும் சீன முதியவருக்கு ஆங்கிலம் தெரியுமா? "எங்கே வலிக்கிறது?" என்று அவர் மொழியில் கேட்கத் தெரியாதவன் எவ்வாறு மருத்துவனாவான்? ஆகவே அப்பிள்ளை அடிப்படைச் சீனம் கற்கத் தொடங்கியிருந்தான். வீட்டுப் பெரியம்மாவுக்கோ உள்ளூர ஓர் அச்சம். "தம்பி, அவர்கள் மொழியையும் பழக்கவழக்கங்களையும் படித்தால் நம் பிள்ளை மார்க்கத்தை மறந்துவிட மாட்டானா?" என்று என்னிடம் கேட்டார். அந்த வினாவுக்கு உங்கள் முன்னிலையிலேயே விடை காண விழைகின்றேன்.

முதலில் மொழியைப் பார்ப்போம். சீனத்தில் எழுத்தின் ஒலி மட்டும் போதாது. குரலின் ஏற்ற இறக்கமும் பொருளைத் தீர்மானிக்கும். "மா" என்னும் ஓரசையைச் சமநிலையில் ஒலித்தால் தாய். குரலை உயர்த்தினால் சணல். தாழ்த்தி எழுப்பினால் குதிரை. சட்டென இறக்கினால் திட்டுதல். நம் தமிழிலும் "மா" என்பது குதிரையைக் குறிக்கும் என்பது இனிய தற்செயல். சீன முஸ்லிம்களிடையே பெரிதும் வழங்கும் குடிப்பெயரும் "மா"தான். முஹம்மத் என்னும் திருப்பெயரின் முதல் ஒலியே அவ்வாறு சுருங்கியது என்பர்.

நெய்வேலிப் பிள்ளைக்கு ஏற்ற சொற்களும் உண்டு. நிலக்கரிக்குச் சீனத்தில் "மெய்" என்று பெயர். அதன் எழுத்தின் ஒரு பாதி நெருப்பைக் குறிக்கும் வடிவம். பழுப்பு நிலக்கரியை "ஹெமெய்" என்பர். "ஹெ" என்றால் பழுப்பு. நாம் வைத்த பெயரும் அவர்கள் வைத்த பெயரும் ஒன்றே! தங்கையையும் "மெய்மெய்" என்றே அழைப்பர். குரல் மட்டும் வேறு. ஏற்ற இறக்கம் பிழைத்தால் தங்கை நிலக்கரியாகிவிடுவாள் என்று வீட்டிலுள்ளோர் நகைத்தனர். மின்சாரத்துக்கு அவர்கள் சொல் "தியென்". அதன் பழைய எழுத்தின் மேற்பகுதி மழை, ஆதிப்பொருள் மின்னல். நாமும் மின்னலிலிருந்தே மின்சாரத்துக்குப் பெயர் கண்டோம். தொலைபேசியை மின்பேச்சு என்றும், திரைப்படத்தை மின்நிழல் என்றும், கணினியை மின்மூளை என்றும் அவர்கள் வழங்குகின்றனர்.

இனிப் பண்பாடு. முதற்பாடங்களிலேயே உறவுமுறைகள் வந்துவிடுகின்றன. தந்தையின் அண்ணன் "போபோ". தந்தையின் தம்பி "ஷூஷூ". தாயின் உடன்பிறந்தவர் "ஜியுஜியு". ஆங்கிலத்தின் ஒற்றை "அங்கிள்" அங்கே செல்லாது. பெரியத்தா, சாச்சா, மாமா என்று பிரித்தழைக்கும் நம் இல்லத்துப் பிள்ளைக்கு இது புதுமையன்று. பெற்றோரைப் பேணுதலை "சியாவ்" என்பர். முதியவரைப் பிள்ளை தாங்கி நிற்பதாக அவ்வெழுத்து அமைந்திருக்கிறது. பெரியோருக்கு எதையும் இரு கைகளாலும் கொடுப்பதும், விருந்தினருக்குத் தேநீர் வழங்குவதும் அவர்தம் மரபு. நம் அடுக்களையிலுள்ள சீனியும் சீனச்சட்டியும் தம் பெயரிலேயே அந்நாட்டை நினைவூட்டுகின்றன அல்லவா?

ஆயினும் அங்கே முன்னோரை வழிபடும் சடங்குகளும் உள. அவற்றில் நமக்குப் பங்கில்லை. எதைக் கொள்வது, எதை விடுவது? இதற்கு விடையளித்தவர்கள் சீன முஸ்லிம்களே. பெற்றோரைப் பேணும் பண்பைப் போற்றிய அவர்கள், வணக்கத்தை அல்லாஹ்வுக்கே உரியதாக்கினர். 1642இல் வாங் தாய்யு என்னும் அறிஞர் இஸ்லாமியக் கோட்பாட்டைச் சீனச் சான்றோரின் சொற்களாலேயே விளக்கி நூலியற்றினார். சியான் நகரப் பெரிய பள்ளிவாசலைப் பாருங்கள். கூரை சீனக் கூரை, தொழும் திசையோ கஅபா. ஹெனான் மாநிலத்தில் பெண்களுக்கெனத் தனிப் பள்ளிகளும் அவற்றில் கற்பிக்கும் ஆசிரியைகளும் நெடுங்காலமாக உள்ளனர். ஹலாலான உணவை அவர்கள் "சிங்ஜென்" என்பர். தூய்மையும் உண்மையும் என்பது அதன் பொருள். பிள்ளை அங்கே உணவகம் தேடும்போது முதலில் கைகொடுக்கும் சொல் அதுவே.

இன்னொரு செய்தி என் போன்ற மதரஸா ஆசிரியர்களை நெகிழச் செய்வது. 16ஆம் நூற்றாண்டில் ஹூ தெங்ஜோ என்னும் பெரியார் சீனத்து மதரஸாக் கல்விக்கு வித்திட்டார். அம்மரபில் பயின்றோர் சீனமொழியை அரபு எழுத்துகளால் எழுதிக்கொண்டனர். அதற்குச் "சியாவ்அர்ஜிங்" என்று பெயர். நம் மூதாட்டியர் ஓதிய அரபுத்தமிழும் இதுவே அன்றோ! ஒருவரையொருவர் அறியாத இரு சமுதாயங்கள், தாய்மொழியையும் மார்க்கத்தையும் ஒருசேரக் காக்க ஒரே வழியைக் கண்டன. இன்று அரபுத்தமிழைப் படிக்கத் தெரிந்தோர் நம் வீடுகளில் எத்தனை பேர்?

மூன்று மொழிகள் ஒரே கல்லில் கூடிய வரலாறும் உண்டு. சீன முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த கடற்படைத் தலைவர் ஜெங் ஹ இலங்கைக்குக் கொணர்ந்த கல்வெட்டு, 1409ஆம் ஆண்டினது. 1911இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டு, கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் சீனமும் தமிழும் பாரசீகமும் அருகருகே நிற்கின்றன. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது.

கற்கும் வழி எது என்று கேட்பீர்கள். "பயணி" என்னும் புனைபெயரில் எழுதும், இந்திய வெளியுறவுத்துறையில் பணியாற்றியவர், தமிழிலேயே சீனமொழிக்கு அறிமுக நூல் எழுதியிருக்கிறார். சீனத்தின் தொன்மையான கவித்தொகையிலிருந்தும் நேரடியாகத் தமிழாக்கியிருக்கிறார். சீன வானொலி 1963இல் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. கலையரசி, கலைமகள் என்று தமிழ்ப்பெயர் சூடிய சீனப் பெண்மணிகள் நம் மொழியைப் பிழையறப் பேசியதை நேயர்கள் மறந்திரார். அவர்கள் தமிழ் கற்க இயலுமாயின், நம் பிள்ளைகள் சீனம் கற்க இயலாதா?

சீனம் சென்றேனும் கல்வி தேடுமாறு கூறும் வாசகத்தை மேடைகளில் கேட்டிருப்பீர்கள். ஹதீஸ் கலை வல்லுநர்கள் அதனைப் பலவீனமானது என்பர். நமக்கு அது தேவையுமில்லை. யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸைத் பின் தாபித் (ரலி) அவர்களைப் பணித்த செய்தி திர்மிதீயில் உள்ளது. மொழிகளின் வேறுபாட்டை இறைவன் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருக்குர்ஆனின் 30ஆம் அத்தியாயத்தில் குறிப்பிடுகிறான்.

சின்ஜியாங்கின் உய்குர் முஸ்லிம்கள் படும் துயரை நான் மறந்துவிடவில்லை. அவர்களுக்கு இழைக்கப்படும் கொடிய உரிமை மீறல்களை ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்டில் அறிக்கையாக வெளியிட்டது. ஒரு மொழியைக் கற்பது அந்நாட்டு அரசின் செயலை ஏற்பதாகாது. மொழியறிந்தவனே பிறர் வாய்ச்சொல்லை நம்பியிராமல் உண்மையைத் தானே தேடிப் படிப்பான்.

பெரியம்மாவுக்கு நான் சொன்ன மறுமொழி இதுதான்: "பிள்ளையைத் தொழுகையோடு அனுப்புங்கள், மொழியோடும் அனுப்புங்கள். ஒன்று அவனைக் காக்கும். மற்றொன்று அவன் கையால் பிறரைக் காக்கும்." பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அனுப்பும் பெற்றோரே, பயணப்பெட்டி வாங்குமுன் ஒரு மொழிநூல் வாங்குங்கள். நாளொன்றுக்கு ஐந்து சொற்கள் போதும். இன்ஷா அல்லாஹ், ஓராண்டில் நோயாளியின் குறையை அவர் மொழியிலேயே கேட்கும் நிலை வாய்க்கும்.