அப்பத்தாவின் அரை விநாடி

ஓபி, வார்டு, நைட் டூட்டி கதைக்கெல்லாம் இன்னைக்கு லீவு. தங்கச்சி கல்யாணத்துல நான் எடுத்த ஒரு போட்டோவைப் பத்திச் சொல்றேன். கடைசியில் கொஞ்சம் மருத்துவமும் வரும்.

பழைய ஸ்டுடியோக்களில் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் படம் எடுப்பார்களே, அந்த வகை கேமரா ஒன்று என்னிடம் இருக்கிறது. இதில் ரோல் கிடையாது. 4க்கு 5 இஞ்ச் ஃபிலிம், ஒவ்வொன்றும் தனித்தாள். 35 எம்எம் நெகட்டிவைப் போல சுமார் 15 மடங்கு பரப்பு. அன்று என் கையில் இருந்தது இரண்டே தாள்.

தாலி கட்டுவதை எடுக்க வேற ஆளுங்க இருந்தாங்க. நான் எடுக்க நினைத்தது அப்பத்தாவை.

அப்பத்தாவுக்குப் பார்கின்சன்ஸ். மாத்திரை போட்டும் வலது கையில் நடுக்கம் மிச்சம் இருக்கு. குரூப் போட்டோன்னா கையை முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டுப் பின்வரிசைக்குப் போயிடும். "எதுக்குய்யா இந்த நடுக்கத்தைப் போயி படம் புடிச்சுக்கிட்டு?"

வாசல் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். வெளிச்சம் குறைவு. 100 ஐஎஸ்ஓ ஃபிலிம், எஃப் 22. கணக்குப் போட்டால் அரை விநாடி. பார்கின்சன்ஸ் நடுக்கம் விநாடிக்கு 4 முதல் 6 தடவை. அரை விநாடிக்குள் கை இரண்டு மூன்று முறை ஆடிவிடும்.

கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்த அப்பத்தாவை ஃபோகஸ் பண்ணினேன். பதற்றத்தில் லென்ஸை மூடாமலே ஃபிலிம் மேல் இருந்த தகட்டை உருவிட்டேன். முதல் தாள் போச்சு. மிச்சம் ஒண்ணு.

இந்தக் கேமராவில் ஃபிலிமைச் செருகிவிட்டால் கண்ணாடியில் எதுவும் தெரியாது. பக்கத்தில் நின்று ஆளை நேராகத்தான் பார்க்கணும். பார்த்துக்கிட்டே நின்னேன். மடியில் சும்மா கிடந்த கை ஆடிக்கிட்டே இருந்துச்சு. யாரோ ஒரு குழந்தை ஓடி வர, பக்கத்து மேசையிலிருந்த பன்னீர்ச் செம்பை எடுத்துத் தெளிச்சாங்க. அந்த நேரம் கை ஆடவே இல்லை!

ஓய்வில் நடுங்கும், வேலை செய்யும்போது அடங்கும். பார்கின்சன்ஸில் பொதுவாக இப்படித்தான். நான் படித்த பாடம், வார்டில் தினமும் பார்ப்பது. வீட்டில் கவனிக்கவே இல்லை.

"அப்பத்தா, அந்தச் செம்பை இன்னொரு தடவை தூக்கு."

தூக்கினாங்க. அப்படியே பிடித்திருந்தால் சிலருக்குச் சில விநாடிகளில் நடுக்கம் திரும்பிவிடும். எனக்கு அரை விநாடி போதும். அழுத்திட்டேன்.

பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகத்தைப் பார்க்கவே இல்லை. கையின் மேல் விரலை வச்சு, "என் கையா இது?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. இப்போ அது சாமி படத்துக்குப் பக்கத்துல இருக்கு.

உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது போட்டோ எடுக்கும்போது கையை மறைக்கிறாங்களா? "வயசாயிடுச்சு"ன்னு விட்டுடாதீங்க. சும்மா இருக்கும்போது ஒரு கை மட்டும் நடுங்குது, நடை மெதுவாகுதுன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. மாத்திரைக்கு நல்லாவே கேட்கும்.

அடுத்த விசேஷத்துல அவங்களை முன்வரிசையில் உட்கார வையுங்க. கையில் ஏதாவது கொடுங்க.