கையுறை போட்டா வலிக்காதா மாமா?

ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். மைசூர் வந்து பதினான்கு வருஷமாச்சு. ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவில் வேலை. கன்னடத்தில் நான் முதலில் கற்றுக்கொண்ட வாக்கியம் "கிளவுஸ் ஹாக்கொள்ளி". அதாவது, போட்டுக்கோங்க. இரண்டாவது வாக்கியம் "கிளவுஸ் தெகீரி". கழட்டுங்க. இந்த இரண்டையும் எந்த மெஷின் பக்கத்தில் எதைச் சொல்வது என்பதில்தான் என் சம்பளமே இருக்கிறது :-)

அதனால் கையுறை என்று யார் வீட்டில் பேச்சு வந்தாலும் போன் எனக்குத்தான். இந்தத் தடவை வந்தது டெக்சாஸிலிருந்து. சான் அன்டோனியோவில் இருக்கும் என் மச்சினன். சிட்டிசன் ஆன கையோடு துப்பாக்கி வாங்கியவன். அதுவும் சின்னதாக இல்லை, .44 மேக்னம் ரிவால்வர். 1971-ல் வந்த 'டர்ட்டி ஹாரி' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் தூக்கிக்கொண்டு திரிவாரே, அந்த ஜாதி.

இரண்டு விஷயம் கேட்டான். ஒன்று, ராத்திரியில் அவனுக்குக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப் போகிறதாம். "நல்ல கையுறையா ஒண்ணு சொல்லுங்க அத்தான்" என்றான். இரண்டாவது அவன் மகள். பதினாறு வயசு, வீணை கற்றுக்கொள்கிறாள். வீணைகூட நான் இங்கே மைசூரில் பார்த்து வாங்கி அனுப்பியதுதான். அப்பா சுடுவதை அவளும் ஒரு தடவை சுட வேண்டுமாம். அம்மா கூடாது என்கிறாள். கடைசியில் அந்த வீட்டில் ஒரு சமரசம்: கையுறை போட்டால் சுடலாம். போனைப் பிடுங்கி அவளே கேட்டாள், "கையுறை போட்டா வலிக்காதா மாமா?"

பார்க்காமல் பதில் சொல்வது என் தொழிலில் வழக்கமில்லை. போன டிசம்பரில் நாங்கள் அங்கே போனபோது மச்சினனோடு ரேஞ்சுக்குப் போனேன். காதுக்கு மஃப், கண்ணுக்குக் கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு நின்றேன், ஆனால் துப்பாக்கியைத் தொடவில்லை. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிப்பவர்களில் பாதிப்பேர் அங்கே இருப்பவர்கள். அமெரிக்க மத்திய சட்டப்படி விசிட்டர் விசா, எச்-1பி போன்ற தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. அந்த ஊர் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு, இன்னும் ஒன்றிரண்டு விலக்குகளும் உண்டு. கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. "சும்மா ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்து சுட்டுப் பார்த்தோம்" என்று ஆபீஸ் நண்பர்களோடு போய் போட்டோ எடுத்துப் போடுகிற பையன்கள் இதைத் தெரிந்துகொண்டு போனால் நல்லது.

சரி, விஷயத்துக்கு வருவோம். மச்சினன் முதலில் வெறுங்கையோடு ஆறு ரவுண்டு சுட்டான். பிடி மரத்தில், சொரசொரப்பாகச் செதுக்கியது. முடித்துவிட்டுக் கையைக் காட்டினான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற தோல் மடிப்பு சிவந்து கன்றியிருந்தது. டிரிகரைச் சுற்றியுள்ள வளையத்தின் பின்பக்கம் இடித்து நடுவிரல் கணுவில் ஒரு கீறல். பிறகு உள்ளங்கையில் பஞ்சு வைத்த தோல் கையுறையை மாட்டிக்கொண்டு மறுபடி ஆறு. "பாத்தீங்களா, வலியே இல்ல அத்தான்!"

நான் உள்ளங்கையைப் பார்க்கவில்லை. மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையுறை இருந்தபோதும் துப்பாக்கி அதே உயரத்துக்குத்தான் எகிறியது. மணிக்கட்டு அதே அளவுதான் பின்னால் மடங்கியது.

கணக்கு ரொம்பச் சிம்பிள். .44 மேக்னம் தோட்டா சுமார் 15.5 கிராம். நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் முன்னே போகிறது. அது முன்னே கொண்டுபோகிற உந்தம் அத்தனையும் துப்பாக்கிக்குப் பின்பக்கமாகக் கிடைக்கும். ஒண்ணேகால் கிலோ துப்பாக்கி நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கைக்குள் வருகிறது. கூடவே வெளியேறும் வெடிமருந்து வாயுவையும் சேர்த்தால் இன்னும் கூடும். நெஞ்சு உயரத்திலிருந்து ஒண்ணேகால் கிலோ எடைக்கல்லை உள்ளங்கையில் போட்டால் எப்படியோ, அப்படி. கையுறை என்ன செய்யும்? அந்த அடியைக் கொஞ்சம் அகலமான இடத்தில் பரப்பும். ஒரு கண நேரம் கூடுதலாக இழுக்கும். தோலுக்கு அது பெரிய உபகாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த உந்தத்தில் ஒரு துளியைக்கூட அது தின்றுவிடாது. மணிக்கட்டு, முழங்கை எல்லாம் முழுசாக வாங்கித்தான் ஆக வேண்டும்.

எங்கள் ஷாப்பிலும் இதே கதைதான். அதிர்வு தாங்கும் ஜெல் கையுறை வாங்கிக் கொடுக்கிறோம். கிரைண்டர் மாதிரி வேகமான அதிர்வுக்கு அது ஓரளவு உதவும். காங்கிரீட் உடைக்கிற பிரேக்கர் மாதிரி மெதுவான, கனமான உதறலுக்கு ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. துப்பாக்கியின் உதை இரண்டாவது வகை. இன்னொரு தொல்லை, வலி இல்லை என்று ஆறு ரவுண்டில் நிறுத்துகிறவன் அறுபது ரவுண்டு சுடுவான். மச்சினனுக்கு நடந்தது அதுதான். அந்த மூன்று விரலுக்கும் போகிற நரம்பு ஒன்றே, மணிக்கட்டில் ஒரு குறுகலான சந்து வழியாகப் போகிறது. பகல் முழுக்கக் கீபோர்டு, சனிக்கிழமை மேக்னம். "கையுறைக் கடைக்கு இல்ல மாப்ளே, டாக்டர்கிட்ட போ" என்றேன்.

"தெகீரி" சொல்ல வேண்டிய இடமும் உண்டு. டிரில்லிங் மெஷினில் கையுறை போடக் கூடாது, சுழலும் பிட் துணியைப் பிடித்து இழுத்தால் கையும் கூடவே போகும். ரிவால்வரில் அந்த இடம் டிரிகர். தொளதொளவென்ற கையுறையில் விரல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது, நினைக்கும் முன்னால் வெடித்துவிடும். ஆள்காட்டி விரல் நுனி வெட்டிய, கைக்கு இறுக்கமான கையுறை என்றால் மட்டும் சரி. அப்புறம், உருளைக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி உண்டு. சுடும்போது அதன் வழியாகப் பக்கவாட்டில் பீய்ச்சும் வாயு கத்தி மாதிரி. 2003-ல் வந்த .500 போன்ற ராட்சசன்களில் கட்டைவிரலை முன்னால் நீட்டி வைத்து விரலையே இழந்தவர்கள் இருக்கிறார்கள். அங்கே எந்தத் தோல் கையுறையும் காப்பாற்றாது.

பெரிய கைத்துப்பாக்கி நம் நாட்டுக்குப் புதுசில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே யானை மேல் அம்பாரியில் உட்கார்ந்து புலி வேட்டைக்குப் போன வெள்ளைக்காரர்கள் 'ஹௌடா பிஸ்டல்' என்று ஒன்று வைத்திருந்தார்கள். இரட்டைக் குழல், சிலது .577 அங்குலம். புலி யானை மேலேயே ஏறி வந்துவிட்டால் முகத்துக்கு நேரே சுட. அந்த நேரத்தில் எவன் மணிக்கட்டைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பான்! ஆனால் தினமும் பழக வேண்டிய ராணுவத்துக்கு அது சரிப்படாது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் வைத்திருந்த .455 வெப்ளியைப் புதுச் சிப்பாய்களால் பழகி அடக்க முடியவில்லை. அவர்கள் கையுறை தைத்துக் கொடுக்கவில்லை. 1932-ல் .38-க்கு இறங்கினார்கள்.

நானும் அதைத்தான் மச்சினனிடம் சொன்னேன். அவன் ரிவால்வரிலேயே .44 ஸ்பெஷல் என்ற பழைய, சாதுவான தோட்டா போகும். மேக்னமே அதை நீட்டிச் செய்ததுதான். மரப்பிடியைக் கழட்டிவிட்டு ரப்பர் பிடி போட்டால் தோல் பிரச்சினையும் பாதி தீர்ந்தது. கையுறை அதற்கு மேல், வேண்டுமானால்.

மருமகளுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "உள்ளங்கை வலிக்காதும்மா, மணிக்கட்டு வாங்கிக்கும்" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "அப்ப பொண்ணுங்க சுடக் கூடாதுன்னு சொல்றீங்களா?" என்றாள். ஐயையோ, நான் எங்கே அப்படிச் சொன்னேன்! 2024 பாரிஸில் மனு பாக்கர் பிஸ்டலில் இரண்டு வெண்கலம் வாங்கியதைச் சொன்னேன். அந்தப் போட்டிகளில் பிஸ்டல் பிடிக்கிற கையில் வாட்ச் கூடக் கட்டக் கூடாது, மணிக்கட்டுக்கு எந்த முட்டும் இருக்கக் கூடாது. தடித்த கையுறை போட்டிருப்பவர்கள் ரைபிள்காரர்கள். அதுவும் உதைக்காக இல்லை, துப்பாக்கியைத் தாங்குகிற கைக்கு.

இப்போது அப்பாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு .22 சுடுகிறாள். உதை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. போன வாரம் குறி அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள், அப்பனுடையதைவிட நன்றாகவே இருந்தது. அவள் அம்மா இன்னும் பேசவில்லை, என்னிடம்தான்!

அந்த அம்மாவுக்காகக் கடைசியாக ஒன்று. தோட்டாவின் பிரைமரிலும் குண்டிலும் பெரும்பாலும் ஈயம் இருக்கும். ரேஞ்சிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள், குழந்தையைத் தூக்காதீர்கள். அந்தக் கையுறையைக் காரின் டிக்கியில் ஒரு தனிப் பையில் போட்டு வையுங்கள். வாஷிங் மெஷினில் மற்ற துணிகளோடு அதைப் போட வேண்டாம்.